ஹோம்ஸ்டெட்: வீட்டுமனையா, பண்ணைவீடா, குடிமனையா?

ஊரை விட்டு வெகுதூரத்தில், காட்டுக்குள்ளேயோ மலையடிவாரத்திலேயோ சொந்தக் கையால் வீடு கட்டி, பக்கத்திலேயே பயிர் வைத்து, மின்கம்பியையும் குழாய்த் தண்ணீரையும் நம்பாமல் வாழ்கிறவர்களின் காணொளிகள் இப்போது நிறைய வருகின்றன. அந்த வாழ்க்கைக்கும் அந்த இடத்துக்கும் ஆங்கிலத்தில் ஹோம்ஸ்டெட் என்று பெயர். தமிழில் எழுதுகிறவர்களில் சிலர் அப்படியே எழுதிவிடுகிறார்கள், சிலர் பண்ணைவீடு என்கிறார்கள், சிலர் வீட்டுமனை என்கிறார்கள். பின்னவை இரண்டும் படிப்பவரை வேறு எங்கோ கொண்டுபோய் விடுகின்றன, அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதத் தோன்றியது.

சொல் பழையது. பழைய ஆங்கிலத்தில் 'ஹாம்' என்றால் வீடு, ஊர் இரண்டும்தான். பர்மிங்ஹாம், நாட்டிங்ஹாம் போன்ற ஊர்ப்பெயர்களின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருப்பது அதுவே. 'ஸ்டெட' என்றால் இடம். லண்டனில் இருக்கும் ஹாம்ப்ஸ்டெட்டும் இதே சொல்தான், எழுத்து மட்டும் கொஞ்சம் மாறிவிட்டது. 'ஸ்டெட'வின் அடியில் இருப்பது நிற்றல் என்ற பொருள் கொண்ட வேர். நமக்குத் தெரிந்த ஸ்தானம், ஸ்திதி என்ற வடசொற்களும் அதிலிருந்து கிளைத்தவையே. ஆக, தொடக்கத்தில் ஹோம்ஸ்டெட் என்றால் வீடு நிற்கும் இடம், அவ்வளவுதான். அதில் காடும் இல்லை, தற்சார்பும் இல்லை.

அந்தப் பொருளெல்லாம் வந்து சேர்ந்தது அமெரிக்காவில். 1862 மே 20 அன்று ஆபிரகாம் லிங்கன் ஹோம்ஸ்டெட் சட்டம் என்ற ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். சிறிய கட்டணம் கட்டிப் பதிந்துகொண்டால் 160 ஏக்கர் வரை அரசு நிலம் கிடைக்கும், ஆனால் ஒரு நிபந்தனை: அங்கேயே வீடு கட்டி, நிலத்தைத் திருத்தி, ஐந்து ஆண்டுகள் குடியிருக்க வேண்டும். மரமே இல்லாத புல்வெளிகளில் குடியேறியவர்கள் வீட்டுக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? புல்லை வேரோடும் மண்ணோடும் பாளம் பாளமாக வெட்டி, செங்கல் மாதிரி அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள், வேர்கள் பின்னிக்கிடந்ததால் மண் உதிராமல் நின்றது. காலம் முடிந்ததும் பட்டா வாங்க, 'இவர் இங்கேதான் குடியிருந்தார்' என்று இரண்டு பேர் சாட்சி சொல்ல வேண்டும். பணம் கொடுத்துச் சீக்கிரம் வாங்கிக்கொள்ளும் வழியும், அதை வைத்து நடந்த மோசடிகளும் உண்டு, இருந்தாலும் சட்டத்தின் அடிப்படைக் கேள்வி ஒன்றுதான்: நீ இங்கே வாழ்ந்தாயா?

இன்னொன்றையும் சொல்லாமல் போகக் கூடாது. அந்த நிலம் ஆளில்லாத நிலம் அல்ல, பெரும்பகுதி பூர்வகுடி மக்கள் வாழ்ந்த நிலம், அவர்களிடமிருந்து பறித்ததைத்தான் அரசு பங்குபோட்டுக் கொடுத்தது. இந்தச் சொல்லின் கதையைச் சொல்கிற பலர் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், அது சரியில்லை. 1976இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது, அலாஸ்காவில் மட்டும் 1986 வரை நீடித்தது.

சட்டம் போனாலும் சொல் நின்றுவிட்டது. இன்று அரசிடம் நிலம் வாங்காதவரையும் ஹோம்ஸ்டெடர் என்கிறார்கள். தன் தேவைகளைத் தன் கையால் செய்துகொண்டு எளிமையாக வாழ்வதுதான் இப்போதைய பொருள். அலாஸ்காவின் ட்வின் லேக்ஸ் ஏரிக்கரையில் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் தனியாக வாழ்ந்த டிக் ப்ரென்னிக்கி அந்தச் சட்டத்தின்படி குடியேறியவர் அல்ல, ஆனாலும் இந்த வாழ்க்கையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவர் பெயர் வந்துவிடும். 1968இல் தன் மரவீட்டைக் கட்டப் போனபோது பல கருவிகளைப் பிடி இல்லாமல் இரும்புப் பாகம் மட்டும் எடுத்துப் போனார். பிடிகளை அங்கிருந்த மரத்திலேயே செதுக்கிப் போட்டுக்கொண்டார். கதவுக் கீல், தாழ்ப்பாள்கூட மரம்தான். அதே சமயம், மாவும் சர்க்கரையும் கடிதங்களும் சிறு விமானத்தில்தான் வந்தன.

இதனால்தான் தன்னிறைவு, தற்சார்பு என்ற இரண்டு சொற்களையும் மாற்றி மாற்றிப் போடக் கூடாது என்பேன். தன்னிறைவு என்றால் வெளியிலிருந்து எதுவுமே வேண்டாத நிலை, அப்படி வாழ்ந்தவர்கள் மிக மிக அரிது. தற்சார்பு என்றால் முதலில் தன் கையை நம்புவது, முடியாததற்குப் பிறரிடம் போவது. ஹோம்ஸ்டெட் வாழ்க்கைக்குப் பொருந்துவது தற்சார்புதான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? வீட்டுமனை சொல்லுக்குச் சொல் ஒத்துவரும், ஆனால் இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் கல் நட்டு விற்கிற வெற்று நிலம்தான் கண்ணில் வரும். பண்ணைவீடு என்றால் ஓய்வுக்குப் போய்த் தங்குகிற வீடு. வெறும் பண்ணை என்றாலோ கூலிக்கு ஆள் வைத்து நடத்துகிற பெருநிலமும் பண்ணையாரும் நினைவுக்கு வருவார்கள், ஹோம்ஸ்டெட் அதற்கு நேர் எதிர், அங்கே உழைப்பு குடும்பத்தின் உழைப்பு. வாழும் முறையில் மிக நெருங்கி வருவது கொங்கு நாட்டுத் தோட்டத்துச் சாளை: ஊருக்குள் இல்லாமல் நிலத்திலேயே வீடு கட்டிக் குடியிருப்பது. அருமையான சொல், ஆனால் அந்த வட்டாரத்துக்கு வெளியே எத்தனை பேருக்குப் புரியும்?

என் தேர்வு குடிமனை. புதுச்சொல் அல்ல, இலங்கைத் தமிழில் மக்கள் வீடு வாசலோடு வாழும் இடத்தைச் செய்திகளில் இன்றும் குடிமனை என்றே எழுதுகிறார்கள். குடி என்பதில் குடும்பமும் குடியிருப்பதும் குடியேறுவதும் சேர்ந்தே வந்துவிடுகின்றன, அந்தப் பழைய சட்டம் கேட்ட சாட்சியும் அதற்குத்தானே. மனை என்ற சொல்லை மன்னுதல், அதாவது நிலைத்து நிற்றல் என்ற வினையோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. அப்படிப் பார்த்தால் ஆங்கிலச் சொல்லின் பின்பாதியில் இருக்கும் நிற்றலுக்கும் இதுவே இணை. அதனால் சட்டத்தைக் குடிமனைச் சட்டம் என்றும், வாழ்கிறவரைக் குடிமனையாளர் என்றும், அந்த வாழ்க்கையைக் குடிமனை வாழ்வு என்றும் எழுதலாம். காடு, மலை என்று சொல்ல வேண்டிய இடத்தில் காட்டுக் குடிமனை என்று சேர்த்துக்கொண்டால் போதும்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் இது ஒத்துவராது. கடன் கொடுத்தவர்கள் ஒருவரது வசிப்பிடத்தைப் பறித்துவிடாமல் காக்கும் சட்டப் பாதுகாப்புக்கும் அமெரிக்காவில் ஹோம்ஸ்டெட் என்ற பெயர் உண்டு, டெக்சாஸில் 1839இலேயே வந்துவிட்டது. அங்கே பேச்சு வசிக்கும் வீட்டைப் பற்றித்தான், நகரத்து வீட்டுக்கும் அது பொருந்தும், அதனால் குடியிருக்கும் வீடு என்று நேராக எழுதிவிடுவதே நல்லது.