நிலக்கடலை ஒட்டு (இரு ரகங்களைக் கலப்பது): பெற்றோரை மரபுத் தொலைவை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாமா?

நிலக்கடலையின் மரபு அடித்தளம் குறுகியது. தென் அமெரிக்காவில் அராகிஸ் டுரனென்சிஸ், அராகிஸ் ஐபயென்சிஸ் என்ற இரு காட்டினங்கள் கலந்து, குரோமோசோம் எண்ணிக்கை 40 ஆக இரட்டித்ததில் பிறந்தது இது. 20 குரோமோசோம் கொண்ட காட்டினங்களோடு அதன்பின் எளிதில் கலக்கவில்லை. ரகப் பட்டியல் நீளமாக இருக்கும். வம்சாவளியைப் பின்னோக்கிப் பார்த்தால் அதே சில பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வரும்.

எனவே மகலனோபிஸ் தொலைவைக் (பல பண்புகளை ஒருசேர வைத்து ரகங்கள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று காட்டும் புள்ளியியல் அளவு) கணக்கிட்டு, ஒத்த ரகங்களைத் தொகுதிகளாகப் பிரித்து, அதிகம் விலகி நிற்கும் இரு தொகுதிகளிலிருந்து தொகுதிக்கொரு ரகத்தை எடுத்து ஒட்டுச் சேர்ப்பது வழக்கம். அந்தத் தொலைவு எந்தப் பண்பால் வந்தது என்று பலரும் கவனிப்பதில்லை. சில நேரம் நூறு பருப்பு எடை ஒன்றே தொலைவைக் கூட்டியிருக்கும்: தனித் தொகுதியாக நிற்பது பருமனான பருப்புள்ள வர்ஜீனியா வகை, அவ்வளவுதான். ஒரே பருவ விவரத்தை வைத்துக் கணக்கிட்டால் அடுத்த பருவத்தில் தொகுதிகளே மாறிவிடலாம்.

படராமல் நிமிர்ந்து வளரும் கொத்து ரகத்தோடு அந்த வர்ஜீனியாவைச் சேர்த்தால் வழித்தோன்றல்களில் பல பிந்தி முற்றும்; மானாவாரிக்கு ஆகாது. ஆனால் அறுவடைநேர மழையில் கொத்துக்கடலை செடியிலேயே முளைப்பதைத் தடுக்கும் விதை உறக்கமும் வர்ஜீனியா பக்கம்தான் இருக்கிறது. உறக்கத்தை வைத்துக்கொண்டு பிந்தி முற்றுவதைக் கழிக்க இரண்டாம் தலைமுறையில் நிறையச் செடிகள் வேண்டும். உதாரணமாக, நான்கு ஒடுங்கு மரபணுக்கள் (இரு பெற்றோரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படுபவை) ஒரே செடியில் இரட்டையாகச் சேர 256இல் ஒரு வாய்ப்பு. 95 சதவீத உறுதியோடு ஒன்றையாவது பிடிக்கச் சுமார் 765 செடிகள் தேவை. நூறு செடி வளர்த்துவிட்டு ஒட்டைக் குறை சொல்வது நியாயமில்லை.

நோய் எதிர்ப்புக்குப் பெரு நாட்டின் வேலன்சியா வகைப் பாரம்பரிய ரகங்களைத் தந்தையாக்கினால் தடித்த ஓடும் குறைந்த பருப்பு விகிதமும் கூடவே வரும். அராகிஸ் கார்டெனாசி என்ற காட்டினத்தின் வழிவந்த சிஎஸ் 16ஐக் கேஆர்ஜி 1 ரகத்துடன் சேர்த்து கர்நாடகத்தின் தார்வாட்டில் உருவான ஜிபிபிடி 4 என்ற ரகம், எதிர்ப்பைத் தருவதில் இதைவிட நல்ல கொடையாளி. துரு, பின்பருவ இலைப்புள்ளி ஆகிய இரு நோய்களையும் தாங்குகிறது, காயும் நன்றாகவே இருக்கிறது.

ஒட்டுச் சேர்க்கையில் மறுநாள் மலரும் மொட்டை மாலையில் எடுத்து, கொடியிதழை விலக்கி, படகிதழை இறக்கி, மகரந்தப்பைகளை நீக்க வேண்டும். பத்து இழைகளில் பொதுவாக எட்டில்தான் மகரந்தம் இருக்கும். விடிந்ததும் சேர்த்துவிடுங்கள், வெயில் ஏறினால் பலன் குறையும். விழுது (பூ கருவுற்றபின் காயைத் தர மண்ணுக்குள் இறங்கும் காம்பு) மண்ணில் இறங்குமுன் அதில் வண்ண நூல் கட்டாவிட்டால் ஒட்டுக்காயையும், தன் மகரந்தத்தால் விளைந்த தன்காயையும் பிரிக்க முடியாது. தாய் கொத்தாகவும் தந்தை படர்வதாகவும் இருந்தால் முதல் தலைமுறையில் தாயைப் போலவே நிமிர்ந்து நிற்கும் செடியை, தன்காயில் முளைத்ததாக இருக்கும் என்று சந்தேகப்பட்டுப் பிடுங்கிவிடலாம்.