கடலுக்கடியிலும் இமயத்திலும் அமைச்சரவை கூடியது எப்படி?

அமைச்சரவை முடிவுகளை வாரந்தோறும் செய்தியில் கேட்டுப் பழகிய கொழும்புவாசிகளான நாம், அமைச்சர்கள் எங்கே கூடினார்கள் என்று அநேகமாகக் கேட்பதில்லை. 2010 ஜூலையில் நமது அமைச்சரவை கிளிநொச்சியில் கூடியபோது இடமே செய்தியாயிற்று. அதற்கு முந்திய ஆண்டில், மனித உடல் எளிதில் தாங்காத இரண்டு இடங்களில் அயல்நாட்டு அமைச்சரவைகள் கூடியிருந்தன.

2009 ஒக்டோபர் 17 அன்று மாலைதீவின் ஜனாதிபதி மொஹமட் நஷீட்டும் அமைச்சர்களும் கிரிஃபுஷி தீவருகே, 5, 6 மீற்றர் ஆழத்தில் போடப்பட்ட மேசைகளின் முன் சுமார் அரை மணி நேரம் அமர்ந்தார்கள். ஆழம் சொற்பந்தான், ஆனால் கடல்நீரில் ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுவதால், 6 மீற்றரில் உடலை அழுத்துவது காலிமுகத்திடலில் நிற்பவர் மீதுள்ளதைப் போல 1.6 மடங்காகும். இறங்கும்போது செவிப்பறை உட்புறமாக அழுந்தி வலிக்கும் என்பதால், மூக்கைப் பொத்தி மெதுவாக ஊதி நடுக்காதுக்குள் காற்றைச் செலுத்த வேண்டும். மேலெழுவது இன்னும் ஆபத்தானது. ஆழத்தில் உள்ளிழுத்த காற்று, அமுக்கம் குறையக் குறைய விரிவதால், மூச்சை அடக்கியபடி மேலே வருபவரின் நுரையீரல் கிழியக்கூடும். அமைச்சர்கள் முன்கூட்டியே சுழியோடப் பயின்றது இதனால்தான்.

கூட்டம் என்றால் பேச வேண்டுமே! வாயில் சுவாசக் குழாய் இருக்கையில் சொற்களை உச்சரிக்க முடியாது. எழுப்பும் ஒலியும் நீரில் செக்கனுக்கு ஏறத்தாழ 1,500 மீற்றர், அதாவது காற்றிலுள்ளதைவிட நான்கு மடங்குக்கும் அதிகமான வேகத்தில் செல்வதால், இரு காதுகளையும் கிட்டத்தட்ட ஒரே கணத்தில் எட்டிவிடும். அந்தச் சிறு நேர வேறுபாட்டைக் கொண்டே திசையறியும் மூளைக்கு, ஒலி எங்கிருந்து வருகிறது என்பது புலப்படாது. எனவே கைச்சைகைகளாலும் வெள்ளைப் பலகைகளில் எழுதியும் கருத்துப் பரிமாறினார்கள். காபனீரொட்சைட்டு வெளியேற்றத்தைக் குறைக்குமாறு உலக நாடுகளைக் கோரும் ஆவணத்திலும் அங்கேயே ஒப்பமிட்டார்கள். இதை வெறும் விளம்பரம் என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. கடல்மட்டத்திலிருந்து சராசரியாக 1.5 மீற்றரளவே உயர்ந்த நாட்டின் அரசுக்கு, அந்த இடமே நிகழ்ச்சி நிரலின் முதல் விடயம்.

அதே ஆண்டு டிசம்பர் 4 அன்று, கோபன்ஹேகன் காலநிலை மாநாட்டுக்குச் சற்று முன், நேபாள நாட்டுப் பிரதமர் மாதவ் குமார் நேபாளின் அமைச்சரவை எவரெஸ்ட் அருகே காலாபத்தரில், 5,200 மீற்றருக்கும் அதிகமான உயரத்தில் கூடியது. உருகும் பனிப்பாறைகளே பேசுபொருள். அங்கும் காற்றில் ஒட்சிசனின் பங்கு கொழும்பைப் போல 21 சதவீதந்தான். ஆனால் அமுக்கம் ஏறத்தாழ பாதியாகக் குறைவதால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஒட்சிசனும் பாதியாகிறது. மலையேறுபவர் நாட்கணக்கில் மெதுவாக ஏறி உடலைப் பழக்குவார். ஹெலிகொப்டரில் வந்திறங்கியவர்களுக்கு அந்த அவகாசம் இல்லாததால் ஒட்சிசன் முகமூடிகள் தேவைப்பட்டன. தலைவலியும் குமட்டலுமாக வரும் உயரநோய் பெரும்பாலும் சில மணி நேரம் கழித்தே தலைகாட்டும் என்பதால், கூட்டத்தைச் சுருக்கமாக முடித்து உடனே கீழிறங்குவதே அங்கு பாதுகாப்பான வழியாக இருந்தது.