ஆற்றைப் பார்க்க ஆசையா? ஆற்றோர சீட் வேண்டாம்

பிட்ஸ்பர்க்கின் பேஸ்பால் அரங்கான பிஎன்சி பார்க்குக்கு டிக்கெட் எடுப்பவர்களில் பாதிப்பேர் இதே தப்பைத்தான் செய்கிறார்கள். பென் ஹில்ஸ் பெருமாள் கோயிலுக்கு வந்த கையோடு ஒரு பேஸ்பால் ஆட்டமும் பார்த்துவிடலாம் என்று கிளம்பும் நம்மவர்களும் விலக்கில்லை. சீட் வரைபடத்தில் அலெகெனி ஆற்றை ஒட்டியிருக்கும் ரைட் ஃபீல்டு (மட்டையாளருக்கு வலப்பக்க எல்லை) வரிசையைத் தேடிப் பிடித்து வாங்குவது, உட்கார்ந்த பிறகு "ஆறு எங்கே?" என்று கேட்பது. உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, ஐயா!

சீட் எல்லாமே மைதானத்தைப் பார்த்துத்தான் திரும்பியிருக்கும். ரைட் ஃபீல்டு சீட்டுகள் 21 அடி உயரச் சுவருக்கு மேலே, ஆற்றுக்கு முதுகு காட்டி நிற்கின்றன. (அந்த 21, இந்த ஊர் அணியின் பழைய நட்சத்திரம் ராபர்ட்டோ கிளெமென்ட்டேயின் சட்டை எண்.) 2001-ல் திறந்த இந்த அரங்கை வடிவமைத்தவர்கள், ஆறு, மஞ்சள் பாலம், எதிர்க்கரைக் கட்டடங்கள் எல்லாம் ஹோம் பிளேட் (மட்டையாளர் நிற்கும் இடம்) பக்கமிருந்து ஒரே பார்வையில் விழும்படி அந்தப் பக்கத்தைத் தாழ்வாக விட்டார்கள். ஆக, காட்சி வேண்டுமென்றால் ஆற்றைவிட்டுத் தள்ளிப் போக வேண்டும். ஹோம் பிளேட்டுக்குப் பின்னால், அல்லது அதற்கு இடப்புறமுள்ள மூன்றாம் பேஸ் பக்கம், அதிலும் மேல் அடுக்கு. மேல் அடுக்கு என்றதும் முகம் சுளிக்காதீர்கள். இரண்டே அடுக்குதான், கடைசி வரிசையே மைதானத்திலிருந்து 88 அடிதான். விலையும் குறைவு. ஆற்றைக் கிட்டத்தில் பார்க்க ஆசையென்றால் ரைட் ஃபீல்டுக்குப் பின்னால் உள்ள நடைபாதையில் ஒரு சுற்று நடந்தால் போதும், அதற்காக ஒரு சீட்டை வீணாக்க வேண்டாம்.

ஒரு சங்கடம் உண்டு. பகல் ஆட்டத்தில் மூன்றாம் பேஸ் பக்கம் வெயில் முகத்தில் அடிக்கும். நிழல் முதலில் விழுவது வலப்புறமுள்ள முதல் பேஸ் பக்கம். வயதானவர்களோடு போனால் காட்சியை விட்டுக்கொடுங்கள். தொப்பி போட்டால் சமாளிக்கலாம் என்பதெல்லாம் முதல் அரை மணி நேரத்துக்குத்தான்.

இதைவிடக் கவலையான விஷயம், அழகான காட்சி கண்ணைப் பந்திலிருந்து திருப்புகிறது. பாலத்தோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கும் வேளையில்தான் ஃபவுல் பந்து (ஆட்டக் கோட்டுக்கு வெளியே சிதறும் பந்து) வரும். ஏறக்குறைய 145 கிராம் எடையுள்ள கெட்டியான பந்து. மட்டையில் பட்டு மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பினால் 30 மீட்டரைக் கடக்க முக்கால் நொடிகூடப் பிடிக்காது. "பார்த்துப் பிடித்துவிடலாம்" என்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். 2018-க்குள் மேஜர் லீக்கின் 30 அணிகளும் டக்-அவுட்டின் (ஆட்டக்காரர்கள் உட்காரும் இடம்) கடைசி முனை வரையாவது வலை கட்டிவிட்டன, பல இடங்களில் அதற்குமேலும் நீண்டிருக்கிறது. ஆனால் வலைக்கு மேலே எழும்பி வரும் பந்தை அது தடுக்காது. அடிபட்டால் அரங்கைப் பொறுப்பாக்குவதும் எளிதல்ல, அமெரிக்க நீதிமன்றங்கள் நெடுங்காலமாக அரங்குகளின் பக்கமே சாய்ந்து வந்திருக்கின்றன. எனவே பந்து வீசும் பிட்சர் கை ஓங்கியதும் போனைக் கீழே வையுங்கள். கைக்குழந்தை மடியில் இருந்தால், தயவுசெய்து, வலைக்குப் பின்னால் மட்டும் உட்காருங்கள்.

காரை டவுன்டவுனிலேயே விட்டுவிடுங்கள். ஆட்ட நாட்களில் அந்த மஞ்சள் கிளெமென்ட்டே பாலத்தில் வண்டிகளுக்கு அனுமதியில்லை, நடந்தே ஆற்றைத் தாண்டலாம். இல்லையென்றால் 'டி' என்னும் நகர ரயிலில் நார்த் சைடு நிலையம். டவுன்டவுனிலிருந்து அங்கே வரை கட்டணமில்லை.

ஹோம் ரன் பந்தை (எல்லைச் சுவரைத் தாண்டி அடிக்கும் பந்து) பொறுக்க ஆற்றில் கயாக் என்ற சிறு துடுப்புப் படகில் காத்திருக்கப் போகிறவர்களுக்கு: ஹோம் பிளேட்டிலிருந்து தண்ணீர் 443 அடி 4 அங்குலம். தரையில் படாமல் நேராக ஆற்றில் விழுந்த பந்துகள் அபூர்வம், 2002-ல் டேரில் வார்ட் அடித்ததுதான் முதலாவது. ஹோம் ரன் பந்துகள் அடிக்கடி தண்ணீரில் விழும் சான் பிரான்சிஸ்கோ அரங்கை நினைத்துக்கொண்டு இங்கே வலை வீசாதீர்கள். பென்சில்வேனியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை கயாக்கில் உயிர்காப்பு அங்கி அணிந்தே இருக்க வேண்டும் என்பது சட்டம். ஏப்ரல் ஆட்டங்களும் அதற்குள் அடக்கம். படகில் கிடந்தால் போதாது, உடம்பில் மாட்டியிருக்க வேண்டும்.