இரண்டு துடிப்புக்கு நடுவே

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊர்களில் கர்ப்பிணிகளுக்குப் பழகிப்போன ஓசை அது. அரசாங்க கிளினிக்கில் மிஸி (நர்ஸ்) வயிற்றில் ஜெல் தடவிக் கைக்கருவியை வைத்ததும் டக்டக்கென்று கேட்கும் குழந்தையின் இதயத் துடிப்பு. கேட்டதும் நிம்மதியாகக் கிளம்பிவிடுகிறோம். ஆனால் ரத்தக் கொதிப்பு உள்ளவருக்கோ, குழந்தை எடை ஏறாதவருக்கோ அது பாதிச் செய்திதான். இதயம் அடிப்பது தெரிகிறது. அடித்த ரத்தம் நஞ்சுக்கொடிக்குள் (பிளசென்டா) தடையில்லாமல் போகிறதா என்பது தெரியவில்லை. அதைப் பார்க்கத்தான் ஈப்போ பெரிய மருத்துவமனைக்கு டாப்ளர் ஸ்கேன் எழுதிக் கொடுக்கிறார்கள்.

செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஹார்ன் அடித்தபடி நெருங்கும்போது ஓசையின் சுருதி உயர்ந்திருக்கும், கடந்ததும் சட்டென்று இறங்கும். அலைகளின் இந்தக் குணத்தை 1842இல் விளக்கியவர் கிறிஸ்டியன் டாப்ளர். ஸ்கேன் கருவி அனுப்புவது காதுக்கு எட்டாத, சில மெகாஹெர்ட்ஸ் ஒலி. ஓடும் சிவப்பணுக்களில் பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வெண் கொஞ்சம் மாறிவிடுகிறது. அந்த வித்தியாசம் மட்டும் காதுக்குக் கேட்கும் அளவில் இருப்பதால் ஸ்பீக்கரில் 'ஷூ… ஷூ…' என்று ஒலிக்கிறது. திரையில் மேடும் பள்ளமுமாக ஓடுகிறது.

தொப்புள்கொடியில் இரண்டு தமனி, ஒரு சிரை. தமனி வழியாக நஞ்சுக்கொடிக்கு ரத்தத்தைத் தள்ளுவது குழந்தையின் சின்ன இதயமேதான். அது சுருங்கும்போது மேடு, ஓயும்போது பள்ளம். டாக்டரின் கண் பள்ளத்தில்தான் இருக்கும். நஞ்சுக்கொடியின் நுண்குழாய்கள் ஆரோக்கியமாக இருந்தால், இதயம் ஓயும் நேரத்திலும் ரத்தம் முன்னோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். குழாய்கள் அடைபட அடைபடப் பள்ளம் ஆழமாகும். பிறகு அந்த நேரத்தில் ஓட்டமே நின்றுவிடும். கடைசியில் ரத்தம் பின்னோக்கி வரும். நின்றாலே அடிக்கடி கண்காணிப்பு, நுரையீரல் முதிர ஊசி, 34 வாரத்துக்குள் பிரசவம் என்று பேச்சு வரும். பின்னோக்கி வந்தால் இன்னும் சீக்கிரம், 32 வாரத்துக்குள்.

அப்புறம் மூளைத் தமனி. ஆக்சிஜன் குறைந்தால் குழந்தை மற்ற உறுப்புகளுக்குப் போவதைக் குறைத்து மூளைக்கு ரத்தத்தைத் திருப்புகிறது. அப்போது அந்தத் தமனியில் பள்ளம் மேலேறும். தொப்புள்கொடியில் நல்ல அடையாளம், இங்கே எச்சரிக்கை! வயிற்றுக்குள்ளேயே இவ்வளவு சாமர்த்தியம்.

படம் எடுக்க நேரமாகிறதே என்று சலிக்க வேண்டாம். குழந்தை அசைந்தாலோ மூச்சுப் பயிற்சி செய்தாலோ அலை கோணலாகிவிடும். ஓட்டத்துக்குச் செங்குத்தாகக் கருவியைப் பிடித்தால் ஓடும் ரத்தமும் நின்றதுபோல் காட்டும். அதனால் அடங்கும்வரை காத்திருந்து, திரும்பத் திரும்ப எடுப்பார்கள்.

ஆபத்து அதிகமுள்ள கர்ப்பங்களில் டாப்ளர் பார்த்தபோது பிரசவத்தை ஒட்டிய சிசு மரணம் ஏறத்தாழ 29 விழுக்காடு குறைந்ததாக, பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும் கோக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு சொல்கிறது. ஆபத்தில்லாத கர்ப்பங்களில் அப்படிப் பலன் தெரியவில்லை. அதனால் சிக்கல் எதுவும் இல்லாதவர் தனியார் கிளினிக்கில் காசு கொடுத்து இதை எடுப்பது வீண் செலவு என்பேன். சிக்கல் உள்ளவரோ, குழந்தையின் அசைவு குறைந்தால் அடுத்த ஸ்கேன் தேதிவரை பொறுக்காமல் அன்றைக்கே கிளம்பிவிட வேண்டும்.