சாதனை இடைவெளி அல்ல, அடைவு இடைவெளி

அமெரிக்கப் பள்ளிகளைப் பற்றிப் போன வாரம் படித்த மொழிபெயர்ப்புக் கட்டுரையிலும் ஆங்கிலத்தின் ‘achievement gap’ என்பதற்கு அதே தொடர்: “கறுப்பின மாணவர்களின் சாதனை இடைவெளியைக் குறைக்க வேண்டும்.” கோலூன்றித் தாண்டும் டூப்ளாண்டிஸ் ஓர் உலகச் சாதனைக்கும் அடுத்ததற்கும் நடுவே விடும் சில மாதங்களை வேண்டுமானால் அப்படி அழைக்கலாம்.

கட்டுரை பேசுவது வேறு. வெள்ளையர், கறுப்பினத்தவர், வசதியுள்ளவர், ஏழை, ஆங்கிலத்தோடு பிறந்தவர், பள்ளிக்கு வந்து கற்றவர். இப்பிரிவுகளுக்கிடையே வாசிப்பிலும் கணக்கிலும் விடாமல் தொடரும் வேறுபாடு அது. 1966இல் சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் அரசுக்காக நடத்திய ஆய்வின் அறிக்கை அதை அமெரிக்கா முழுதும் அளந்தது. 2002இல் கையெழுத்தான ‘ஒரு குழந்தையும் பின்தங்கலாகாது’ சட்டம் தேர்வு முடிவுகளைப் பிரிவுவாரியாக வெளியிட வைத்தது. ‘achievement gap’ என்ற பெயர் பரவியது.

‘சாதனை’ வடசொல் என்பதல்ல என் புகார். இன்றைய தமிழில் அது அருஞ்செயல். 500க்கு 499 எடுத்தவள் சாதனை படைக்கிறாள், சரி. மூன்றாம் வகுப்புப் பையன் ஒரு பத்தியைத் திக்காமல் வாசிப்பது சாதனையா? அவன் அடைந்திருக்க வேண்டிய நிலை அது. அடை, அடைவு, அவ்வளவுதான் சொற்பிறப்பு. நம் ஆசிரியர்கள் ‘அடைவுத் தேர்வு’, ‘அடைவுத்திறன்’ என்று அலுக்காமல் எழுதுகிறார்கள். இலங்கைப் பாடசாலைகளில் ‘அடைவு மட்டம்’ உண்டு. அடகையே ‘அடைவு’ என்று சொல்லி நகையை ‘அடைவு’ வைக்கும் யாழ்ப்பாணத்தாருக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் வகுப்பறையில் யாரும் வட்டி கேட்பதில்லை. ஆசிரியர் அறை வரை போய்க் கேட்க மொழிபெயர்ப்பாளருக்குத்தான் நேரமில்லை. அகராதியின் முதல் பொருளோடு நின்றுவிடுகிறார்.

கட்டுரையின் அடுத்த வரியிலேயே, ‘school district’ என்பதற்குப் ‘பள்ளி மாவட்டம்’ வேறு. படிப்பவர் கலெக்டரைத் தேடுவார். பள்ளிகளை நடத்தும் இந்த நிர்வாகப் பகுதிகள் அமெரிக்காவில் ஏறக்குறைய 13,000. பெரும்பாலும் உள்ளூர் மக்கள் தேர்ந்தெடுத்த குழுவின் கையில் இருப்பவை. ஒரு சிற்றூருக்கே ஒன்று இருக்கும். ஹவாய் மாநிலம் முழுமைக்கும் ஒன்றுதான். ‘பள்ளி நிர்வாக வட்டாரம்’ என்றால் குடியா முழுகிவிடும்?

கட்டுரை காட்டும் எடுத்துக்காட்டு மேரிலாந்து மாநிலத்தின் மாண்ட்கோமரி வட்டாரம். அது 2000 வாக்கில் ஏழைக் குழந்தைகள் மிகுந்த பள்ளிகளைச் சிவப்பு மண்டலம் என்றும் மற்றவற்றைப் பச்சை என்றும் பிரித்தது. சிவப்புக்குக் கூடுதல் பணம், மாணவர் குறைந்த வகுப்புகள், முழுநாள் மழலையர் வகுப்பு. நம் மொழிபெயர்ப்பாளர் இதற்கு வைத்த துணைத்தலைப்பு: ‘சாதனையாளர்களை உருவாக்கும் மண்டலம்’.