மீன் முள்ளு மக்கிடுது, டைனோசர் எலும்பு மட்டும் எப்டி கல்லாச்சு?

எங்க மூணாங்கிளாஸ் புள்ளைங்கள எழும்பூர் மியூசியத்துக்கு கூட்டிட்டு போனோம், தண்டையார்பேட்டைல மெட்ரோ ஏறி சென்ட்ரல்ல மாறி எழும்பூர்ல இறங்கி, ரெண்டு ரெண்டு பேரா கைய புடிச்சிட்டு நடை. டைனோசர் மாடல பாத்ததும் ஒரே கூச்சல். இது பொம்மைடா, நெஜ எலும்பு கல்லா மாறி மண்ணுக்குள்ள கெடைக்கும்னு சொன்னேன். காசிமேட்டு பையன் ஒருத்தன் உடனே கேட்டான், "எங்க வூட்ல மீன் முள்ள போட்டா பூனை தின்னுடுது மிஸ், இது மட்டும் எப்டி இத்தினி வருசம் கெடந்துச்சு?"

சரியான கேள்வி. ஏன்னா செத்த மிருகம் முக்காவாசி அப்டித்தான் போகும், மத்தது கடிச்சு இழுத்துடும், மிச்சம் வெயில்லயும் மழைலயும் பொடியாயிடும். தப்பிக்கணும்னா சட்டுனு புதையணும். ஆத்து வெள்ளம் கொண்டு வர்ற வண்டல் மேல மூடிட்டா எதுவும் தொடாது, காத்தும் அவ்வளவா போகாது, சதை மக்கினாலும் எலும்பு நிக்கும்.

அதுக்கப்புறம்தான் விஷயமே. ஆட்டெலும்பு மூட்ட உடைச்சு பாருங்க, உள்ள பஞ்சு மாதிரி பொடி ஓட்டையா இருக்கும். மண்ணுக்குள்ள ஊர்ற தண்ணில சுண்ணாம்பு, சிலிக்கா எல்லாம் கரைஞ்சிருக்கும், அது அந்த ஓட்டைங்கள்ல போய் கொஞ்சம் கொஞ்சமா படியும். போர் தண்ணி காய்ச்சற குண்டான் அடில வெள்ளையா ஒட்டிக்கும்ல, நார் போட்டு தேய்ச்சாலும் போகாதே, அந்த மாதிரிதான். எலும்போட சொந்த தாதுவும் மெதுவா மாறி கெட்டியாகும். வடிவம் அப்டியே இருக்கும், வெயிட் மட்டும் ஏறிடும். மெல்லிசா சீவி மைக்ராஸ்கோப்ல வெச்சா ரத்தக்குழாய் போன வழி கூட தெரியும், எத்தன தடவ படிச்சாலும் எனக்கு இது புல்லரிக்குது.

பறவைங்கள தவிர டைனோசர் எல்லாம் அழிஞ்சு சுமார் 6.6 கோடி வருஷம். அதுக்கு முன்னாடி நம்ம அரியலூர் பக்கம் கடல் இருந்துச்சு, அங்க சுண்ணாம்புக்கல்லும் சிமெண்ட் பேக்டரியும் இருக்கறதுக்கு காரணமே அந்த கடல்தான். சுருள் சுருளா நத்தை மாதிரி இருக்கற அம்மோனைட்னு ஒரு பழங்கால கடல் உயிரியோட ஓடுங்க நெறைய கெடைக்கும். 2020ல பெரம்பலூர் குன்னம் பக்கத்துல உருண்டை கல்லுங்க கெடைச்சு டைனோசர் முட்டைனு ஊரெல்லாம் பரவுச்சு, அதுவும் கடைசில அம்மோனைட்ட சுத்தி மண்ணு இறுகின உருண்டைங்கதான்.

ஆனா நெஜ டைனோசரும் அங்க இருந்துச்சு. அரியலூர் கல்லமேட்டுல கெடைச்ச பிரம்மாண்டமான எலும்புங்களுக்கு 1980கள்ல புருகத்காயோசாரஸ்னு பேரு வெச்சாங்க. அந்த எலும்பு சரியா கல்லாகி இறுகல, வெளிய எடுத்ததும் உதிர ஆரம்பிச்சு நமக்கு மிஞ்சினது போட்டோவும் படமும் அளவும்தான்.

திரும்பி வர்றப்ப மெட்ரோல இத சொன்னேன். "பெவிகால் போட்டு ஒட்டியிருக்கலாம்ல மிஸ்?"னு அதே பையன் கேட்டான். உண்மையாவே அதான்டா செய்வாங்க, விரிசல்ல பசை விட்டு, கை ஒடைஞ்சா போடற மாதிரி சுத்தி மாவுக்கட்டு போட்டுதான் தூக்குவாங்க, கல்லமேட்டு எலும்பு அந்த கட்டுக்குள்ளயே உதிர்ந்துடுச்சுன்னேன்.