மரவள்ளிக்கு இடையில் இஞ்சி நடுவதற்கு முன் கமநல சேவைக்கு ஒருதரம் போய் வாருங்கள்

திருகோணமலை மாவட்டத்தில் தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் சூடு அடித்து முடிந்ததும் வைக்கோலைக் கொளுத்துவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். நெல் மண்ணிலிருந்து இழுத்த பொட்டாசியத்தில் பெரும்பங்கு அந்த வைக்கோலில்தான் இருக்கிறது, மரவள்ளியோ வத்தாளையோ இராசவள்ளியோ, கிழங்கு பருக்க அதே பொட்டாசியம்தான் வேண்டும். வைக்கோல், பட்டியெரு, சீமைக்கிளுவை இலை என்று அடுக்கி, ஈரம் காயவிடாமல் இடைக்கிடை புரட்டிவிட்டால் இரண்டு மூன்று மாதத்தில் கூட்டெரு தயார். நிலாவெளி, குச்சவெளி மணல் தரைக்கு இது இன்னும் அவசியம், அங்கே போடுகிற பசளை மழையோடு கீழே போய்விடும். மரவள்ளியை மூன்றடி இடைவெளியில் நட்டால் முதல் மூன்று மாதம் நடுவில் வெயில் நன்றாக விழும், துளசி போன்றவற்றை அப்போதே வெட்டி எடுக்கலாம். இஞ்சியும் மஞ்சளும் பிறகு வரும் அரைநிழலையும் தாங்கும்.

சரி, இதில் சட்டம் எங்கே வருகிறது?

2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி விவசாயக் காணிகளுக்கு ஒரு பதிவேடு உண்டு. மானியமோ நிவாரணமோ வந்தால் கமநல சேவை நிலையத்தில் (விவசாயிகளுக்கான அரசு அலுவலகம்) முதலில் பார்ப்பது பதிவைத்தான், அதனால் உங்கள் காணியும் பயிரிடுபவராக உங்கள் பெயரும் அதில் இருக்கின்றனவா என்று கேட்டுப் பாருங்கள். மேட்டுக்காணி என்றால் இதோடு சரி. நெற்காணியாகப் பதிவான வயலில் இதைச் செய்ய நினைத்தால் எழுத்தில் அனுமதி வேண்டும். "சிறுபோகம் மட்டும்தானே" என்று வாயால் சொல்லிவிட்டு வரம்பை வெட்டி மேடாக்காதீர்கள்.

கூட்டெருவைச் சொந்தத் தோட்டத்துக்குப் போட யாரிடமும் கேட்கத் தேவையில்லை. பையில் கட்டி விற்கப் போனால் கதை வேறு, 1988 ஆம் ஆண்டின் 68 ஆம் இலக்கப் பசளைச் சட்டத்தின் கீழ் உரிமம் எடுக்க வேண்டும்.

பலருக்குத் தெரியாதது காப்புறுதி விஷயம். அரசு இலவசப் பயிர்க் காப்புறுதியைத் தொடங்கியபோது சேர்த்தது ஆறு பயிர்கள்: நெல், சோளம், சோயா, பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு, மிளகாய். மரவள்ளியும் இல்லை, மஞ்சளும் இல்லை. மூதூர், வெருகல் பக்கம் மாரியில் தண்ணீர் ஏறினால் கிழங்கு அழுகிவிடும், ஆகவே மேடான துண்டைத் தேர்ந்தெடுங்கள், நடுவதற்கு முன்பே உங்கள் பயிருக்குக் கட்டணம் கட்டிச் சேரக்கூடிய காப்புறுதி இருக்கிறதா என்று கமநலக் காப்புறுதிச் சபையிடம் கேளுங்கள்.

2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரென்று நிறுத்தி எங்களைப் படுத்திய பாட்டில் சேதனப் பசளை என்றாலே பலருக்குக் கசப்பு, அது நியாயமும்தான். அந்தத் தடை அதே ஆண்டு நவம்பரில் விலக்கப்பட்டது. இப்போது கூட்டெரு போடுவது உங்கள் விருப்பம், பகுதியளவு போட்டாலும் நல்லதே.

போகும்போது அடையாள அட்டையும், காணி உறுதி அல்லது அனுமதிப்பத்திரப் பிரதியும் கையில் இருக்கட்டும். பெரும்போக வேலை தொடங்கிவிட்டால் அங்கே கூட்டம் தாங்காது, அதற்கு முன்பே போங்கள். அப்படியே உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் நோயில்லாத மரவள்ளித் தடி எங்கே எடுக்கலாம் என்றும் கேட்டுவிடலாம்.